பிளாக்கைப் பார்க்காமலே வால்வு இடைவெளி அளந்த கடை: 2.3 ஸ்ட்ரோக்கர் கட்டுபவர்கள் படிக்கவும்

என் இன்ஜினின் மூன்றாவது சிலிண்டரில், காற்றை உள்ளே விடும் இரண்டு இன்டேக் வால்வுகளும் வளைந்துவிட்டன. பிஸ்டன் தலையில் பிறை நிலா மாதிரி இரண்டு தழும்புகள். வால்வு ஸ்பிரிங், வால்வைத் திறக்கும் கேம் தண்டு, கூலி எல்லாம் சேர்த்து 2,850 வெள்ளி கொடுத்து வாங்கிய வேலை இது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். ஆனால் எப்படி ஏமாந்தேன் என்பதை விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

கார் மலேசியாவின் ஜோகூரில் மச்சான் பெயரில் இருக்கும் பழைய புரோட்டான் வீரா. உள்ளே மிட்சுபிஷியின் 2 லிட்டர் 4ஜி63 டர்போ இன்ஜின். செப்பாங் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கு மட்டும்தான். இங்கே சிங்கப்பூரில் சாலை வரியே சிசி கணக்கில்தான் போடுகிறார்கள், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றி ஓட்டவும் முடியாது. அதனால் அந்த ஆசையை எல்லாம் காஸ்வே பாலத்துக்கு அந்தப் பக்கமே வைத்துக்கொண்டேன். கீழ்ப்பாகத்தை மச்சானுக்குத் தெரிந்த மெக்கானிக் கட்டினார்: 88 மி.மீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) கிராங்கை எடுத்துவிட்டு அதே குடும்பத்து 4ஜி64-இன் 100 மி.மீ கிராங்க், 85 மி.மீ போர் (சிலிண்டரின் விட்டம்), மொத்தம் 2,270 சிசி. இப்படி ஸ்ட்ரோக்கைக் கூட்டிக் கட்டியதைத்தான் 2.3 ஸ்ட்ரோக்கர் என்கிறோம். அதில் ஒரு குறையும் இல்லை.

வால்வும் கேமும் உட்காரும் மேல்பாகமான ஹெட்டை மட்டும் கார் டிக்கியில் போட்டு சிங்கப்பூருக்குக் கொண்டு வந்தேன். இங்கே நன்றாகச் செய்வார்கள் என்ற நினைப்பு. கடையில் இருந்தவர் தமிழில் பேசினார். "அண்ணே, 2.3-க்கு 280 டியூரேஷன் போட்டாத்தான் மூச்சு விடும். புது பில்லட் கேம், ஜப்பான் சாமான். ஸ்பிரிங்கும் ரேஸ் ஸ்பிரிங் போட்டுத் தரேன்." (டியூரேஷன் என்றால் கிராங்க் சுழற்சியில் வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கும் என்பது; பில்லட் என்றால் வார்க்காமல் முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தது.) தெ தாரிக் வேறு வாங்கிக் கொடுத்தார். நம்ம ஆள்தானே என்று தலையாட்டிவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கலே. சிசி கூடினால் இன்ஜின் பெரிய கேமைத் தாங்கும். 2 லிட்டரில் முரண்டு பிடிக்கும் கேம் 2.3-இல் சாதுவாகிவிடும், ஐடிலும் அமைதியாக இருக்கும். ஆனால் அதே ஹெட், அதே வால்வு. காற்றுக்கான வழி பெரிதாகவில்லை, அதனால் பவர் உச்சம் குறைந்த ஆர்பிஎம்முக்கு இறங்கிவிடும். பிஸ்டன் வேகத்தையும் பாருங்கள். 100 மி.மீ ஸ்ட்ரோக்கில் 7,000 ஆர்பிஎம் என்றால் சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு சுமார் 23.3 மீட்டர். பழைய 88 மி.மீ கிராங்க் ஏறக்குறைய 8,000-இல் ஓடும் வேகம் அது. அப்படியிருக்க, 8,000-க்கு மேல்தான் உயிர் வரும் கேம் நமக்கு எதற்கு? நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை டிகிரி" இல்லை, "எந்த ஆர்பிஎம்முக்கு" என்பதுதான்.

அந்த 280 என்ற எண்ணையே நம்ப முடியாது. வால்வு லேசாக அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் ஒரு எண், 1 மி.மீ திறந்த இடத்திலிருந்து அளந்தால் வேறு எண், நிறையவே குறைவாக. இரண்டு கம்பெனியின் 272 டிகிரி கேம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்த உயரத்தில் அளந்தது, லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) எவ்வளவு, சென்டர்லைன் (வால்வு முழுதாகத் திறக்கும் டிகிரி) எங்கே என்றெல்லாம் எழுதிய கேம் கார்டு பெட்டிக்குள் இருக்க வேண்டும். என் பெட்டியில் கார்டே இல்லை. "அதெல்லாம் நெட்ல இருக்கும் அண்ணே" என்றார்.

இன்ஜின் ஏற்றிய அன்றே, எண்ணெய் அழுத்தத்தால் எழும்பி வால்வு இடைவெளியை நிரப்பும் லிஃப்டர் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. கேட்டதற்கு, எண்ணெய் ஏறினால் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. 6,200-க்கு மேல் பவர் தொங்கியது. இரண்டாவது டிராக் நாளில் சுமார் 7,300-இல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பிரித்தபோது ஜோகூர் மெஷின் கடைப் பெரியவர் கேமைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். வால்வைத் தள்ளும் மேடுகளான லோப்புகளுக்கு நடுவே வார்ப்படத்தின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. பில்லட் என்றால் அந்த இடமும் கடைந்து வழவழப்பாக இருக்க வேண்டுமாம். மைக்ரோமீட்டர் வைத்தார். பேஸ் சர்க்கிள் (லோப்பில் மேடில்லாத வட்டப் பகுதி) ஒரிஜினல் கேமைவிட 0.9 மி.மீ குறைவு. பழைய கேமைத் தேய்த்து ரீகிரைண்ட் செய்து புதிது என்று விற்றிருக்கிறார்கள்.

ரீகிரைண்ட் என்பதே மோசடி இல்லை, ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலைதான். ஆனால் பேஸ் சர்க்கிள் சிறுத்தால் அந்த இடைவெளியை ஹைட்ராலிக் லிஃப்டர்தான் எழும்பி நிரப்ப வேண்டும். அது எழும்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. எங்களைத் தட்டித் தட்டி எச்சரித்தது அதுதான்.

ஸ்பிரிங்? ஒரிஜினல் ஸ்பிரிங்கேதான், துடைத்து மாட்டியிருந்தார்கள். டர்போ இன்ஜினில் பூஸ்ட் காற்று இன்டேக் வால்வின் முதுகிலேயே தள்ளும். 34 மி.மீ வால்வில் 1.5 பார் என்றால் சுமார் 14 கிலோ விசை. அவ்வளவையும் ஸ்பிரிங்கின் பிடியிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். செங்குத்தான லோப், தளர்ந்த ஸ்பிரிங், 7,300. வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதந்தது, பிஸ்டன் வந்து முட்டியது.

இனி என் மடத்தனம். பில்லில் "ஹெட் செட்டப், வால்வு-பிஸ்டன் இடைவெளி சரிபார்ப்பு" என்று 350 வெள்ளி போட்டிருந்தார்கள். என் பிளாக் அப்போது ஜோகூரில் மச்சான் வீட்டுப் போர்ச்சில் இருந்தது! பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை ஏற்றி, கையால் கிராங்கைச் சுற்றி, அமுங்கிய களிமண்ணை வெட்டி அளப்பதுதான் அந்த வேலை. ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கிப் பொய் சொல்லும் என்பதால் திட லிஃப்டர் மாட்டித்தான் பார்க்க வேண்டும். இன்டேக்கில் 2 மி.மீ, எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ பொதுவான குறைந்தபட்ச அளவு. பிளாக் இல்லாமல் இதை எப்படிச் செய்தார்கள்? நான் பில்லைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

திரும்பப் போனபோது தமிழ் காணாமல் போய்விட்டது. "யூ ஓவர்ரெவ்" என்பதே பதில், நான்தான் இன்ஜினை அளவுக்கு மீறிச் சுற்றவிட்டேனாம். பில்லில் வேறு "கேம் செட் 1" என்றுதான் இருந்தது, புதிதா ரீகிரைண்டா, என்ன அளவு என்று ஒரு சொல் இல்லை. நல்ல வேளையாக "புது பில்லட்" என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நான் அழிக்கவில்லை.

இங்கே குறையுள்ள பொருளை விற்றால் கேட்பதற்கான லெமன் சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. வாங்கி 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் கிடையாது, ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். மனுவை நிரப்பிக் கடைக்கு ஒரு படம் அனுப்பினேன். மறுநாளே 1,200 தருவதாகப் பேசினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேம், ஸ்பிரிங், பெரியவர் எழுதிக் கொடுத்த அளவுத் தாள் எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். வளைந்த வால்வுகளும் அதில்தான் இருக்கின்றன.