அரசியலுக்குப் போக எம்.பி.ஏ. உதவுமா? 14 லட்சம் கடன் வாங்கிப் படித்தவளின் மதிப்பீடு

"அக்கா, எனக்கு கம்பெனி வேலை வேண்டாம். கொள்கை முடிவு எடுக்கிற இடத்துல இருக்கணும், ஒருநாள் தேர்தல்ல நிக்கணும். எந்த பி-ஸ்கூல்ல சேரட்டும்?" என்று சித்தி மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

2017-லிருந்து 2019 வரை தென்னிந்தியாவில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் படித்தேன். பெயர் வேண்டாம். கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து வங்கிக் கடன் 14 லட்சம். சேர்க்கைக் கையேட்டில் பொதுக் கொள்கைக்கென்றே ஒரு முழுப் பக்கம் இருந்தது, அதை நம்பித்தான் சேர்ந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, இரண்டாம் ஆண்டில் வரும் ஒரே ஒரு விருப்பப் பாடம் அது.

அந்த ஒரு பாடத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. முதல் நாளே ஊரக வளர்ச்சித் துறை சட்டமன்றத்திடம் நிதி கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தை மேசையில் போட்டார். "மேடையில பேசுறது மதிப்பீடும்மா. உண்மையில செலவானது கணக்கு. ரெண்டு நெடுவரிசையையும் பக்கத்துல வச்சுப் படிங்க" என்றார். எங்கள் ஒன்றியத்துச் சாலைகள் ஏன் பாதியில் நிற்கின்றன என்று சின்ன வயதிலிருந்து அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பருவம் முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கணக்கியலும் புள்ளியியலும் எதிர்பாராமல் கைகொடுத்தன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு நிதிநிலை வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது பெங்களூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். வருவாய்ப் பற்றாக்குறை, மின்வாரிய நட்டம், போக்குவரத்துக் கழகக் கடன் என்று ஒரே இரவில் படித்து முடித்தேன். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கல்லூரி எனக்குக் கதவடைத்தது கோடைப் பயிற்சியில். ஆட்சியர் அலுவலகத்தில் செய்கிறேன் என்று கேட்டேன். ஊதியம் இல்லாத பயிற்சி கணக்கில் வராது என்று மறுத்துவிட்டார்கள். பிஸ்கட் கம்பெனி விற்பனைப் பிரிவில் இரண்டு மாதம் போனது. இந்த விதி இருக்கும் இடத்தில் தயவுசெய்து சேராதீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் தவணைதான். 10 சதவீத வட்டி, பத்து வருடம், மாதம் 18,500 ரூபாய். பொதுவாழ்க்கைக்கு வர விரும்பும் பிள்ளையை நாலு வருடம் தனியார் வேலையில் கட்டிப்போட்டது இதுதான். பெரிய ஐ.ஐ.எம்.களில் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கல்லூரித் தரவரிசையைப் பார்க்குமுன் தவணையைக் கணக்குப் போடுங்கள்.

"ப.சிதம்பரம் ஹார்வர்டு எம்.பி.ஏ., பழனிவேல் தியாகராஜன் எம்.ஐ.டி. ஸ்லோன், அண்ணாமலை ஐ.ஐ.எம். லக்னோ" என்று சித்தி மகள் அடுக்கினாள். சரிதான். ஆனால் பட்டத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்றும் பார்க்கணும். முதலாமவர் வழக்கறிஞர். இரண்டாமவர் வங்கித் துறையில் வேலை பார்த்து 2016-இல் சட்டமன்றம் வந்தார். மூன்றாமவர் ஐ.பி.எஸ். பட்டத்துக்கும் பதவிக்கும் நடுவில் வேறொரு தொழில் இருந்திருக்கிறது.

வெளிநாடு என்றால், ஹார்வர்டில் வணிகப் பள்ளியும் பொதுக் கொள்கை கற்பிக்கும் கென்னடி பள்ளியும் சேர்ந்து தரும் மூன்றாண்டு இரட்டைப் பட்டம் இந்த ஆசைக்கு நேராகப் பொருந்துவது. செலவுதான் மலைப்பு. யேல் மேலாண்மைப் பள்ளி 1976-இல் தொடங்கியபோது தந்தது எம்.பி.ஏ. அல்ல, பொது, தனியார் மேலாண்மை இரண்டுக்குமான பட்டம். 1999-இல்தான் எம்.பி.ஏ.வுக்கு மாறினார்கள். இங்கே ஐ.ஐ.எம். பெங்களூரின் பொதுக் கொள்கைப் படிப்பு அரசு அதிகாரிகளையும் வேலை அனுபவம் உள்ளவர்களையும் மனதில் வைத்து உருவானது. கல்லூரி முடித்த கையோடு போகிறவளுக்கு அல்ல.

அவளுக்கு நான் சொன்ன வழி வேறு. நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். (PRS) அமைப்பின் லேம்ப் (LAMP) திட்டத்தில் ஓர் எம்.பி.யோடு கிட்டத்தட்ட ஒரு வருடம் வேலை செய்யலாம், எந்தப் பட்டமும் போதும். 2022-இல் வந்த தமிழ்நாடு முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் இரண்டு ஆண்டு. அதற்குக் கல்விப் பங்காளியாக வந்தது ஒரு பி-ஸ்கூல்தான், திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம். உதவித்தொகை வாங்கிக்கொண்டே துறைகளில் வேலை, கூடவே பொதுக் கொள்கைப் படிப்பு. நான் படித்த காலத்தில் இது இருந்திருந்தால் அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

இப்போது சென்னையில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குக் கேள்வி நேரக் குறிப்புகள் தயாரிக்கிறேன். சம்பளம் பழையதில் பாதி. தவணை இன்னும் ஓடுகிறது. சித்தி மகள் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்து, மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும் 15-ஆவது நிதிக் குழு பகிர்வில் தமிழகத்துக்கு ஏன் 4.079 சதவீதம் மட்டும் என்று கேட்டாள். ஒன்றரை மணி நேரம் பேசினோம்.