ஆறு பாட்டில், ஆறு வால்வு

போடியிலிருந்து பூப்பாறைக்கு வாரம் இரண்டு முறை ஏலக்காய் வியாபாரமாகப் போய்வருகிறேன். நான்கு ஆண்டுகளில் என் கார் 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த பெட்ரோல் இன்ஜின், நேரடி இன்ஜெக்‌ஷன். மற்றதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. சென்ற வாரம் மச்சினன் போன் செய்து, "இதே காரை நானும் வாங்கலாமா மச்சான்?" என்று கேட்டான். அவன் கேட்ட நேரத்தில் என் கார் தேனியில் ஒரு பட்டறையில் இன்ஜின் பிரித்துக் கிடந்தது. பதில் எந்த லட்சணத்தில் வந்திருக்கும்!

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் இரண்டு மூட்டை, மழை, எதிரே தோட்டத்து ஜீப். இரண்டாம் கியரில், நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே, யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல ஏறும். பழைய காரில் இந்த ஏற்றத்தில் ஏசியை நிறுத்திவிட்டுத்தான் மிதிப்பேன்.

காரணம் எளிது. பழைய முறையில் பெட்ரோல் மூன்று, நான்கு பார் அழுத்தத்தில் வால்வுக்கு வெளியே, காற்று வரும் குழாயில் தெளிக்கப்படும். இதில் 200 பாருக்கு மேல் அழுத்தி, நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டேகால் பார்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மெஷின்போல டிக் டிக்கென்று கேட்பது இந்த பம்ப்பும் இன்ஜெக்டர்களும்தான், பயப்பட வேண்டாம். ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் ஆவியாகித் தோலைக் குளிர்விக்கிறதல்லவா, அதுபோல உள்ளே ஆவியாகும் பெட்ரோல் டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கிறது. அதனால் கலவை சூட்டில் தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது குறைகிறது, கூடுதலாக அழுத்தி எரிக்க முடிகிறது. ஷோரூமில் இதைப் புத்தம் புதிய தொழில்நுட்பம் என்றார்கள். மெர்சிடிஸ் 300 எஸ்எல் இதை 1954-லேயே செய்துவிட்டது.

இனி என் வயிற்றெரிச்சல். 55,000-ஐத் தாண்டியதும் காலையில் இன்ஜின் நடுங்க ஆரம்பித்தது. பிறகு மீட்டரில் இன்ஜின் கோளாறைச் சொல்லும் மஞ்சள் விளக்கு. பட்டறைக்காரர் சிறு கேமராவை உள்ளே விட்டுக் காட்டினார். காற்றை உள்ளிழுக்கும் வால்வின் முதுகில் விறகடுப்புச் சட்டியின் அடியைப்போலக் கரி, விரல் நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும் பதத்தில். இன்ஜின் ஆயிலின் ஆவி காற்றுக் குழாய் வழியே திரும்பி வந்து அந்தச் சூட்டில் படிகிறது. பழைய முறையில் பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். இதில் பெட்ரோல் அந்தப் பக்கமே போவதில்லை.

போவதில்லை அல்லவா? பிறகு எதற்காக சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டிலை என் தலையில் கட்டினார்கள்? "உள்ளே பளிச்சென்று இருக்கும் சார்" என்று வேறு சொன்னார்கள். இன்ஜெக்டர் முனைக்கு அது ஓரளவு உதவலாம், மறுக்கவில்லை. வால்வுக்கு எப்படிப் போய்ச்சேரும்? ஆறு சர்வீஸ், ஆறு பாட்டில், 2,700 ரூபாய். கரி பிடித்த வால்வுகளும் சரியாக ஆறு. பணத்தைவிட, ஆறு முறையும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அக்ரூட் (வால்நட்) ஓட்டைப் பொடித்துக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்தார்கள். கரியைப் பெயர்க்கும், உலோகத்தைக் கீறாதாம். ஏலக்காய்க்காரன் வண்டிக்கு அக்ரூட் வைத்தியம்! ஒரு நாள் வேலை, 9,000 ரூபாய். என் பங்கும் இருக்கிறது: ஏலக்காய் ஏலம் விடும் மையத்துக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இதிலேயே போவேன். இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது, அந்த ஆவியும் வால்வுப் பக்கம்தான் போகிறது. இன்னொன்று, வளைவில் சோம்பலாக மூன்றாம் கியரிலேயே முழுக்க மிதிக்காதீர்கள். குறைந்த சுற்றில் அப்படி மிதித்தால் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கலாம். ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2020-ல் வந்த அந்தத் தரத்தில் இதற்கான சோதனையும் உண்டு.

மச்சினனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். அவன் வீரபாண்டிக்குள்ளேயே ஓட்டுபவன், டர்போ இல்லாத பழைய வகை போதும். "அப்படியானால் உங்கள் காரை விற்றுவிடுவீர்களா? நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் இருக்கிறார்" என்றான். நாளைக்குப் பூப்பாறை போக வேண்டும், பிறகு பேசலாம் என்று போனை வைத்துவிட்டேன்.