‘டிமென்ஷியா ஸ்பெஷல்’ என்று போர்டு வைத்த இரண்டு இல்லங்கள்: அப்பாவை விட்டுப் பார்த்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு இல்லங்களின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. முதல் இல்லத்தின் மேல் புகார் கொடுத்திருக்கிறோம், அது முடிவதற்குள் பெயர் போடுவது முறையில்லை. இரண்டாவதன் பெயரை மட்டும் போட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இடம் தேடி அலைந்துகொண்டிருப்பவர்களுக்கு எங்களுடைய ஒன்றரை வருட அனுபவம் உதவும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 77 வயது. சென்னை டவுன் பஸ் பல்லவனாக இருந்தபோது கண்டக்டராகச் சேர்ந்து, எம்.டி.சி. ஆன பிறகு ரிட்டயர் ஆனவர். டிமென்ஷியா என்கிற மறதி நோய், அதில் அல்சைமர் வகை என்று டாக்டர் சொன்ன பிறகு மூன்று வருடம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். பார்த்தோம் என்பதைவிட, அம்மா பார்த்தார் என்பதுதான் சரி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஃபர்ஸ்ட் வண்டிக்கு டெப்போ போகணும் என்று கேட்டைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு முறை தெருமுனை டீக்கடைக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். ஒரு நாள் அவரைத் தடுக்கப் போய் அம்மா கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்கு மேல் வேறு வழி தெரியவில்லை. ‘பெத்தவரைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க’ என்று பேசிய சொந்தக்காரர்கள் யாரும் ஒரு ராத்திரி வந்து அவருடன் விழித்திருந்ததில்லை. இதை இங்கே எழுதக் காரணம், படிப்பவர்களில் யாராவது அந்தக் குற்ற உணர்ச்சியோடு இருந்தால், தயவுசெய்து அதைச் சுமக்க வேண்டாம்.

முதல் இல்லம் புறநகரில், நல்ல காற்றோட்டமான இடத்தில் இருந்தது. வாசலில் பெரிய போர்டு, ‘டிமென்ஷியா ஸ்பெஷல் கேர்’ என்று. மாதம் 45,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம், டயபர், மருந்து எல்லாம் தனி. நானும் தங்கையும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். பளபளவென்று டைல்ஸ், மூலைக்கு மூலை கேமரா, சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில். காலை பதினொரு மணிக்குக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டினார்கள். சாப்பாடு என்ன, டாக்டர் எப்போது வருவார், எந்தெந்த நாள் பார்க்க வரலாம் என்று நாங்களும் நிறையக் கேட்டோம். ராத்திரி எத்தனை பேர் டியூட்டியில் இருப்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

முதல் இரண்டு மாதம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாவது மாதம், எப்போது போனாலும் அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். எழுப்பினால் வாயோரம் எச்சில் வழிய, காலை இழுத்து இழுத்து நடந்தார். நோய் முற்றுகிறது மேடம் என்றார்கள், நாங்களும் நம்பினோம். ஒரு நாள் சும்மா மருந்து சார்ட்டை வாங்கிப் பார்த்தால், ராத்திரி கொடுக்கிற க்யூட்டியாபின் என்ற மனநோய் மாத்திரை இரண்டு மடங்காகி இருக்கிறது. எங்கள் நரம்பியல் டாக்டர் அதை எழுதவில்லை. அவர்களுடைய டாக்டர் போனிலேயே கூட்டச் சொன்னாராம், எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வகை மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005இலேயே மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சில நேரம் தேவைப்படும் என்று எங்கள் டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் நோயாளியின் கஷ்டத்துக்காகக் கொடுக்கிறார்களா, ஆட்களின் வசதிக்காகக் கொடுக்கிறார்களா என்பது வீட்டாருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பும் வழியில், ராத்திரி ஒன்பது மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். மாடியில் பதினான்கு பேர். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றான். அப்பாவின் இரண்டு கையும் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. மணிக்கட்டில் புதிய தழும்பும் இருந்தது, ஆறிப்போன பழைய தழும்பும் இருந்தது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. டிமென்ஷியா என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ‘தாத்தா எழுந்து போயிடறார்க்கா, நான் ஒருத்தன் என்ன செய்யட்டும்’ என்று அழுதுவிட்டான். மறுநாள் காலை மேனேஜர் சொன்னது வேறு. ‘நைட் ஸ்டாஃப் கம்மி மேடம். கட்டாம விட்டு விழுந்துட்டா நீங்கதானே வந்து கேப்பீங்க?’

அந்த வாரமே அப்பாவைக் கூட்டி வந்துவிட்டோம். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

அதன் பிறகுதான் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். எனக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை, பேங்கில் கிளார்க் வேலை பார்க்கிறேன். ஆனால் இதை யாராவது முன்னமே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால் விவரமாகவே எழுதுகிறேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2017இல் வந்தது, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மனநோய் என்றால் என்ன என்று அதில் விளக்கம் கொடுக்கும் இடத்தில், சிந்தனை, மனநிலை என்பவற்றோடு, இடம் காலம் அறியும் உணர்வும் நினைவாற்றலும் பெரிதாகப் பாதிக்கப்படுவதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். நினைவாற்றல் என்ற வார்த்தையே அங்கே இருக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்க வைத்துப் பார்க்கிற இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் ஐந்து லட்சம் வரை போகும்.

நான் படித்து அசந்துபோனது 97ஆவது பிரிவு. தனி அறையில் அடைத்துப் பூட்டவே கூடாது. கட்டிப்போடுவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டும். எதற்காக, எப்படி, எவ்வளவு நேரம் கட்டினார்கள் என்று மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். நோயாளியின் சார்பாக நியமிக்கப்பட்டவருக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதோடு இன்னொரு வரி: ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் கட்டக் கூடாது. அந்த மேனேஜர் என்னிடம் காரணம் என்று சொன்னதையே, அது காரணமாகாது என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியை அன்று ராத்திரி நாலைந்து முறை படித்தேன்.

சரி, சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் இப்படி நடக்கிறது? எங்கள் புகாருக்கு அந்த இல்லம் சொன்ன பதில், நாங்கள் மனநலக் காப்பகம் இல்லை, முதியோர் இல்லம் என்பது. சேர்க்கும்போது டிமென்ஷியா ஸ்பெஷல், கேள்வி கேட்டால் முதியோர் இல்லம். முதியோருக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்தால், மாவட்டத்துக்கு ஒன்றாவது அரசு முதியோர் இல்லம் அமைக்கலாம், குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. டிமென்ஷியாவுக்கென்று தனியார் நடத்தும் இல்லத்தில் எத்தனை பேருக்கு ஓர் ஆள், அவருக்கு என்ன பயிற்சி என்பதெல்லாம் அந்தச் சட்டத்தில் இல்லை. முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குக் கட்டாயப் பதிவு, குறைந்தபட்சத் தரம் எல்லாம் கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா தாக்கல் செய்தார்கள். நிலைக்குழுவுக்குப் போனது, சட்டமாகவில்லை, 2024இல் அந்த மக்களவையின் காலத்தோடு அதுவும் காலாவதியாகிவிட்டது. நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இத்தனை குடும்பங்களும் வாசல் போர்டை நம்பித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

லண்டனில் இருக்கும் பெரியம்மா மகளிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள், இங்கிலாந்தில் சி.க்யூ.சி. என்ற அமைப்பு ஒவ்வொரு இல்லத்தையும் சோதித்து நான்கு நிலைகளில் மதிப்பிடுகிறது, முழு அறிக்கையையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம், மதிப்பீட்டை இல்லத்தின் வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவது 2015 முதல் கட்டாயம். அங்கேயும் மோசமான இல்லங்கள் உண்டாம். ஆனால் மோசம் என்று வாசலிலேயே எழுதியிருக்கும். இங்கே நமக்கு அதுதான் வேண்டும். கட்டடத்துக்கு ஃபயர் சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற சோதனை போதாது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து, எத்தனை பேர் டியூட்டியில் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, எண்ணியதை வெளியிட வேண்டும்.

இப்போது இரண்டாவது இல்லம். அப்பா இங்கே வந்து பதினோரு மாதம் ஆகிறது. கட்டடம் பழசு, முதல் இல்லத்தின் பளபளப்பு கிடையாது. உள்ளே போனதும் மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. எண்ணைக் குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், போட்டோவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மொத்தம் 21 பேர், பகலில் ஆறு அட்டெண்டர்கள், ராத்திரி மூன்று பேரோடு ஒரு நர்ஸ். ராத்திரி ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வாங்க, தூங்குறவங்களை எழுப்பாம பாருங்க என்றார் நடத்துகிற அம்மா. நான் சேர்க்க முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான்.

சேர்ப்பதற்கு முன் எங்களிடம் இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்ன வேலை பார்த்தார், வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், காபியா டீயா, எந்தப் பக்கம் படுப்பார், எதற்குக் கோபம் வரும், எல்லாம். முதல் இல்லத்தில் எல்லோரும் ‘தாத்தா’, இங்கே அப்பா ‘கண்டக்டர் சார்’. சாயங்காலம் நாலு, நாலரைக்கு மேல் அவருக்கு இருப்புக் கொள்ளாது, டியூட்டிக்கு நேரமாச்சு என்று ஆரம்பித்துவிடுவார். இந்த நோயில் பலருக்கும் பொழுது சாயும்போது இந்தத் தவிப்பு கூடும். இங்கே யாரும் கதவைச் சாத்தி உட்கார வைப்பதில்லை. தோள்பை ஒன்றை மாட்டிவிட்டு, தோட்டத்தைச் சுற்றி இருக்கிற நடைபாதையில் கூட ஒருவர் போகிறார். எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி அதே திண்ணைக்கு வந்து சேர்கிற மாதிரி பாதை போட்டிருக்கிறார்கள். மூன்று சுற்று முடிந்தால் டீ. அந்த ராத்திரி மாத்திரை இப்போது பழைய அளவுக்கும் கீழே குறைந்திருக்கிறது, குறைத்தது எங்கள் டாக்டர், இல்லத்து நர்ஸிடம் பேசிக் கொஞ்சம் கொஞ்சமாக.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கழிப்பறைக் கதவுகள் மட்டும் அடர்ந்த மஞ்சள், அதனால் அப்பா பாதி நேரம் தானாகவே கண்டுபிடித்துப் போய்விடுகிறார், டயபர் செலவு குறைந்தது. தரையில் கறுப்பு மிதியடி எங்கேயும் கிடையாது, இவர்கள் கண்ணுக்கு அது பள்ளம் மாதிரி தெரியும் என்றார்கள். வீட்டில் அப்பா பாத்ரூம் வாசலில் நின்று தடுமாறியது எதனால் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திடீரென்று ஒரு நாள் உளற ஆரம்பித்தபோது நோய் முற்றுகிறது என்று விட்டுவிடாமல் சிறுநீர் டெஸ்ட் எடுத்தார்கள். கிருமித் தொற்று இருந்தது, மருந்து கொடுத்து ஐந்தாறு நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டார்.

குறைகளும் இருக்கின்றன. மாதம் 58,000 ரூபாய், பிசியோதெரபி தனி. அம்மாவின் பென்ஷனில் கை வைக்க வேண்டி வந்திருக்கிறது. சாப்பாட்டில் உப்பு, காரம் எதுவும் இல்லை, அப்பா பாதி சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார், ஊறுகாய் நாங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் குறைகிறது, இரண்டு தடவை சொல்லியும் சரியாகவில்லை. ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் நாங்கள் போய்ச் சேரும் வரை காத்திருக்கிறார்கள், அது எனக்குப் பெரிய பயம். மதிப்பெண் போடச் சொன்னால், முதல் இல்லத்துக்கு ஐந்துக்கு ஒன்று, அது அந்தப் பையனுக்காக. இதற்கு நான்கு.

தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு: பதிவுச் சான்றைக் கேளுங்கள், எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். மாத்திரையை மாற்றினால் வீட்டாரைக் கேட்காமல் மாற்றுவதில்லை என்று எழுதி வாங்குங்கள். இருட்டிய பிறகு ஒரு முறை போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு டிமென்ஷியாவுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது, அங்கே பேசலாம். முதியவர்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் 14567 என்ற ஹெல்ப்லைனுக்குப் போன் செய்யுங்கள், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை எடுப்பார்கள், இலவசம்.

நான் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை போய், கட்டிப்போட்ட விவரம் எழுதுகிற நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். முதல் தடவை கேட்டபோது நர்ஸ் முகம் சுருங்கியது, இப்போது நான் செருப்பைக் கழற்றுவதற்குள் எடுத்து வைத்துவிடுகிறார். இந்தப் பதினோரு மாதத்தில் அதில் அப்பா பெயர் வரவில்லை. நோட்டை மூடிவிட்டு அப்பாவின் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.