நெட்வொர்க் ஸ்விட்ச் செட்டிங்குக்கு ஆன்லைனில் ஆள் எடுக்கிறவர்கள் கவனத்துக்கு: என் 38,500 ரூபாய் போச்சு

‘சரிபார்க்கப்பட்ட இன்ஜினியர்’ என்று பச்சை டிக் போட்டு வீட்டுக்கும் கடைக்கும் ஆள் அனுப்புகிற தளங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றை நம்பி 38,500 ரூபாய் கொடுத்தேன். பெயரைப் போட்டால் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள், அதனால் போடவில்லை. இன்று காலை அவர்களிடமிருந்து மெயில்: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ எதைத் தீர்த்தார்கள்? ஒரு ஆள் வந்து பார்க்கவில்லை, ஒரு ரூபாய் திரும்பவில்லை.

திருப்பூரில் எங்களுக்குப் பனியன் குடோன். கேமரா, கைரேகை மெஷின், பில்லிங் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இணைக்க 24 போர்ட் சிஸ்கோ ஸ்விட்ச் (எல்லா நெட்வொர்க் வயரும் வந்து சேரும் பெட்டி), செகண்ட் ஹேண்ட், செட்டிங், ஒரு வருடப் பராமரிப்பு, எல்லாம் சேர்த்துப் பேசிய தொகை அது. ‘என்டிபி, டைம்ஸோன், லாக் செட்டிங் உட்பட’ என்று கொட்டேஷனிலேயே இருக்கிறது. ஸ்விட்ச்சின் கடிகாரம் தானாகச் சரியாக ஓட வேண்டும், நடப்பதை அது நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும் (அந்தக் குறிப்புதான் லாக்) என்று நான் கேட்டு எழுதி வாங்கிய வரி.

வந்த பையன் வேலையை முடித்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். கறுப்புத் திரையில் ‘ஷோ க்ளாக்’ என்று அடித்தான். என் போனில் என்ன மணியோ அதே மணி, பக்கத்திலேயே ஐஎஸ்டி என்று மூன்று எழுத்து. “பாருங்கண்ணா, இந்தியா டைம். இனி இதத் தொடவே வேண்டியதில்லீங்க” என்றான். அதைப் பார்த்துத்தான் மீதிப் பணத்தை அங்கேயே நின்று அனுப்பினேன்.

போன வாரம் குடோனில் திருட்டு. சரக்கோடு கேமரா ரெக்கார்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த சாட்சி ஸ்விட்ச் லாக் ஒன்றுதான். ரெக்கார்டர் வயரைப் பிடுங்கிய நேரம் அதில் விழுந்திருக்கும். தெரிந்த நெட்வொர்க்காரரை வரவழைத்துத் திறந்தோம். போர்ட் டவுன், அதாவது வயர் இணைப்பு அறுந்தது, என்ற வரி இருக்கிறது. தேதி மார்ச் 3! ‘ஷோ க்ளாக்’ அடித்தால் வருடம் 1993 என்று வருகிறது, முன்னால் ஒரு நட்சத்திரக் குறியோடு.

அந்த மாடலில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாதாம். கரண்ட் போய் வந்தால் 1993 மார்ச் 1-லிருந்து ஓட ஆரம்பிக்கும். அதற்குத்தான் என்டிபி: வெளி சர்வரிலிருந்து சரியான நேரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். அந்த வரியையே அவன் போடவில்லை. கையால் மணியை அடித்து, படம் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். டைம்ஸோனில் 5 30 (உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால்) என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐஎஸ்டி 0 0’. பெயர்தான் இந்திய நேரம், உள்ளே இருப்பது லண்டன் குளிர்கால மணி. இதைக் கவனக்குறைவு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போதைய நேரத்திலிருந்து கழித்து, திருட்டு நடந்த மணியைக் கண்டுபிடித்தும் கொடுத்தோம். இன்சூரன்ஸ் சர்வேயர் வாங்கவில்லை. நட்சத்திரம் இருந்தால் அந்த நேரத்துக்கு ஸ்விட்ச்சே உத்தரவாதம் தரவில்லை என்றுதான் அர்த்தம், சார் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

பையனுக்குப் போன் போட்டால், “வெளியூர்ல இருக்கேனுங்கண்ணா.” அப்புறம் எடுப்பதே இல்லை. கஸ்டமர் கேரில் ஒரு அம்மா, “30 நாள் தாண்டிடுச்சு சார், விசிட் சார்ஜ் கட்டுங்க” என்றார். ஒரு வருடப் பராமரிப்புக்கும் சேர்த்துத்தானே அம்மா 38,500 கட்டினேன்? அடுத்து வந்தவர், “டைம் எல்லாம் சின்ன செட்டிங் சார், அதுக்குப் போய் ரீஃபண்டா?” என்றார். சின்ன செட்டிங்கா? 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் போட்ட உத்தரவைப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனிகள் தங்கள் கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வைக்க வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கமே சொல்கிறது. இதைச் சொன்னதும் லைன் கட்.

போன சரக்கு தனிக்கணக்கு. நான் கேட்பது அந்த 38,500 ரூபாயை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் செய்யுங்கள். ‘ஷோ க்ளாக் டீடெயில்’ அடிக்கச் சொல்லுங்கள். டைம் சோர்ஸ் என்டிபி என்று வர வேண்டும், யூசர் கான்ஃபிகரேஷன் என்று வந்தால் கையால் அடித்தது. டைம்ஸோன் வரியில் 5 30 இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிறகு ஸ்விட்ச் பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டச் சொல்லி, சில நிமிடம் கழித்துத் திரும்ப மணி பாருங்கள். அதுவரை மீதிப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பச்சை டிக்கை நம்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். இதே தளத்தில் ஏமாந்தவர்கள் கொட்டேஷனும் பணம் கட்டிய ரசீதும் இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள், சேர்ந்தே நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவோம்.