14 மாதம் கையோடு கிடந்த சிலிக்கோன் தாளும் பிரஷர் ஸ்லீவும்

ஒடியல் கூழ்ப் பானையை இறக்கும்போது கைத்துணி வழுக்கிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடியிருக்கும். கூழ் வலது முன்கையில் ஒட்டி நின்று சுட்டது. புண் ஆற ஐந்து கிழமை. மூன்று கிழமைக்கு மேல் இழுபடும் தீப்புண் தடித்த தழும்பாவது வழக்கம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சொன்னபடியே சிவந்து, கயிறு திரித்தது போல முழங்கை மடிப்பு வரை எழும்பியது.

முதலில் தழும்பின் மேல் ஒட்டுகிற சிலிக்கோன் தாள். அதில் மருந்து ஒன்றும் இல்லை என்பதை நம்பவே எனக்கு நாள் எடுத்தது. சிலிக்கோன் தோலுக்குள் இறங்குவதில்லை. மேல்தோலின் ஈரம் பறந்து போகாமல் மூடி வைக்கிறது. ஈரம் நின்றால் கீழே கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் செய்கிற செல்கள் அடங்கும் என்பதுதான் விளக்கம். முதலில் நாளுக்குச் சில மணி நேரம் என்று தொடங்கி, பிறகு நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டும்.

அடுத்த வில்லங்கம் எங்கள் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவதால் சோப்பு லேசில் நுரைக்காது. தினமும் தாளைக் கழுவக் கழுவ மெல்லிய படலம் படிந்து, நாலாம் நாளே ஒட்டு விட்டுப்போனது. தாள் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையை விட்டுவிட்டு மேல் தண்ணீரில் கழுவினேன். அதே தாள் மூன்று கிழமை வந்தது.

இனி, தழும்பை அழுத்தி வைக்கிற பிரஷர் ஸ்லீவ். நைலோனும் ஸ்பான்டெக்ஸும் கலந்த பின்னல் துணி. குளிக்கும் நேரம் தவிர்த்து 23 மணி நேரம் போட வேண்டும். நான் இருபது வருடமாகப் பிளவுஸ் தைப்பவள், அதனால் கண் முதலில் தையலுக்குத்தான் போனது. முதல் ஸ்லீவின் தையல் உட்பக்கம் திரும்பி, சரியாகத் தழும்பின் மேலேயே ஓடியது. தைத்தவர் தன் கையில் ஒருநாளாவது போட்டுப் பார்த்திருப்பாரா? அளவெடுத்தது வீக்கம் வற்றுவதற்கு முன்பு. ஒரு மாதத்தில் தொளதொளத்தது. கையின் சுற்றளவைச் சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை எடுத்து, அதில் நூற்றுக்கு 10 முதல் 20 வீதம் குறைத்து வெட்டினால்தான் அழுத்தம் வரும். பிளவுஸுக்கு நாங்கள் கூட்டி வெட்டுவோம், இதற்குக் குறைத்து! இரண்டாவதற்குத் தையலை வெளிப்பக்கம் திருப்பி, கையின் பின்புறமாக ஓட்டச் சொன்னேன். அதைப் போட்ட அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வழுவழுப்பான சிலிக்கோன் தாள் ஸ்லீவுக்குள் சுருண்டு விளிம்பில் கோடு விழுத்தியது. துணி ஒட்டிய தாளுக்கு மாறினேன், மூலைகளை வட்டமாகக் கத்தரித்தேன், அப்புறம் சுருளவில்லை. பங்குனி, சித்திரை வெக்கையில் உள்ளே வியர்த்துச் சொறி வந்தது. அது ஆறும்வரை தாளை நிறுத்தச் சொன்னார் கிளினிக் மிஸ். சோளகக் காற்று வீசத் தொடங்கிய பிறகு மறுபடி பழக்கிக்கொண்டேன். ஸ்லீவின் நிறமும் ஒரு தொல்லை. வெளிறிய சந்தன நிறம் எங்கள் தோலில் கட்டுப் போட்ட மாதிரியே இருக்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கிற ஆச்சி ஒவ்வொரு முறையும், "என்ன பிள்ளை, கை முறிஞ்சதே?" என்பார். அடுத்ததைக் கடும் மண்ணிறத்தில் எடுத்தேன், மஞ்சள் கறையும் தெரியவில்லை. இரண்டு ஸ்லீவை மாற்றி மாற்றிப் போட்டும் மூன்று மாதத்தில் இழுவை விட்டுவிடும், செலவு அங்கேதான்.

இப்போது தழும்பு பெரும்பாலும் தட்டையாகிவிட்டது, கடியும் அரிப்பும் இல்லை. நிறம் திரும்பவில்லை. கையை முழுதாக நீட்டினால் முழங்கை மடிப்பில் இன்னும் ஒரு நூல் இழுக்கிறது. தாளா, ஸ்லீவா, தழும்பைத் தினமும் உருவி விட்டதா, எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது; ஆய்வுகளும் இதில் அவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை. ஸ்லீவைக் கழற்றி மூன்று கிழமை ஆகிறது. தாள் மட்டும் இரவில், முழங்கைப் பக்கத்துக்கு.