14 மாதமாகச் சுவரில் தொங்கும் குரைப்பு நிறுத்தி

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "உங்க வீட்டுச் சுவத்துல ஒரு பெட்டி மாட்டியிருக்கீங்களே, நாய் குரைச்சா சத்தம் போடுமே, அது இப்போ பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" அவர் வீட்டில் மூன்று மாதக் குட்டி. ராத்திரி பகல் பார்க்காமல் குரைக்கிறது, தோட்டத்தை உழுது போடுகிறது. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். முடியவில்லை. முந்தைய நாள்தான் அதே பெட்டியில் பேட்டரி ஒயர் அறுந்துபோய், கொண்டுபோய்ப் பற்றவைத்து வாங்கி வந்திருந்தேன். வேண்டாத பொருளை யாராவது பழுது பார்ப்பார்களா? அவரிடம் போனில் உளறியதைக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெட்டி எப்படி வேலை செய்யும் என்பது தெரிந்ததுதான். உள்ளே ஒரு மைக். குரைப்புச் சத்தம் விழுந்ததும் 25,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கீச்சொலி எழும். நம் காது 20,000-த்தோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். ஆக எரிச்சல் அதற்கு, நிம்மதி நமக்கு. (பூனைக்கு அதற்கு மேலேயும் கேட்கும். மதிலில் வந்து உட்காரும் பூனை அந்த மாதத்தோடு வருவதை நிறுத்திவிட்டது. அதன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.)

எங்கள் நாய் மணி, டெரியர் இனக் கலப்பு. பெயர் வைத்ததிலேயே கோளாறு: வாசல் மணி அடித்தால் இவனும் அடிப்பான். கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் குரைப்பு, காற்றில் துணி ஆடினால் குரைப்பு, நான் போனில் பேசினால் குரைப்பு. "நாய் குரைக்காம பின்ன பாடவா செய்யும்?" என்பார் அம்மா. அது சரிதான், ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது அம்மா இல்லையே. அவனுக்கு 4 மாதம் ஆனபோது பெட்டியை வாங்கி மாட்டினேன்.

முதல் நான்கு நாள் அற்புதம். ஒரு குரைப்பு, ஒரு கீச்சு, அப்புறம் மௌனம். பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாம் நாள் மணி என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பெட்டி இவனைத் தண்டித்தது. தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து மேசைக்கடியில் போய் ஒடுங்கினான். எனக்கு அந்தக் காட்சி இன்னும் ஆறவில்லை. அதற்கப்புறம் கவனித்தால் கதவு அறைந்தால் கீச்சு, பாத்திரம் விழுந்தால் கீச்சு, ஒருமுறை என் தும்மலுக்கும் கீச்சு. சென்சாரின் அளவைக் குறைத்தால் மணியே குரைத்தாலும் கேட்காது, கூட்டினால் உலகமே குரைப்பதாக நினைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். அதில் வைத்தால் இரண்டு தவறையும் மாற்றி மாற்றிச் செய்கிறது.

இரண்டு வாரத்தில் மணிக்குக் கூடத்தின் மேல் வெறுப்பு வந்துவிட்டது. கொல்லைப்புறம் போய்க் குரைக்கத் தொடங்கினான். அவ்வளவு உயர்ந்த ஒலி சுவரைத் தாண்டாது, கனமான திரைச்சீலை தொங்கினால்கூட மழுங்கிவிடும். அதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன், அவன் நடந்தே கண்டுபிடித்துவிட்டான். குரைப்பு குறையவில்லை, விலாசம்தான் மாறியது.

பெட்டியை மட்டும் திட்டிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கையேட்டில் அச்சடித்திருந்தார்கள். நான் அதைப் படித்தது மாட்டி மூன்று வாரம் கழித்து. அன்றே கழற்றி இழுப்பறையில் போட்டேன்.

சரி, தீனி கொடுத்தே பழக்குவோம் என்று இறங்கினேன். குரைக்கும்போது "போதும்" என்பது, வாயை மூடியதும் ஒரு துண்டு கொடுப்பது. பத்து நாளில் பலன் தெரிந்தது. மணி என் எதிரே வந்து நிற்பான், கணக்காக ஒரே ஒரு தடவை குரைப்பான், உடனே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து என் சட்டைப் பையைப் பார்ப்பான். குரை, நிறுத்து, தின். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் செய்தான், குறை சொல்ல வழியே இல்லை.

தீனியைக் குரைப்புக்குப் பின்னால் கொடுத்ததுதான் கோளாறு, முன்னால் கொடுத்திருக்க வேண்டும். தெருவில் யாரோ நடக்கிறார்கள், இவன் காது நிமிர்கிறது, வாய் இன்னும் திறக்கவில்லை. அந்த அரை நொடியில் கொடுக்க வேண்டும். முதலில் 2 நொடி அமைதிக்கு ஒரு துண்டு, அப்புறம் 5, அப்புறம் 10. சலிப்பான வேலை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியால் ஒருநாளும் செய்ய முடியாத வேலை அது ஒன்றுதான். குரைத்தால் மட்டுமே அதற்கு வாய் திறக்கும். சும்மா இருக்கும் நாயிடம் சொல்ல அதனிடம் ஒன்றுமே கிடையாது.

கூடவே இரண்டு சில்லறை மாற்றங்கள். ஜன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மங்கல் தாள் ஒட்டினேன், தெருவே தெரியாமல் போனதும் பாதிக் குரைப்பு போயிற்று. இன்னொன்று தூக்கம். குட்டிகள் நாளுக்கு 18 மணி நேரம், அதற்கு மேலும்கூடத் தூங்கும் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் வெறி பிடித்தாற்போல் சுற்றிச் சுற்றி ஓடிக் குரைப்பதைப் பார்த்து, சக்தி மிச்சமிருக்கிறது போல என்று இன்னொரு சுற்று நடக்கக் கூட்டிப் போவேன். திரும்பி வந்தால் இன்னும் மோசம். அசதியில் அழும் குழந்தையைத் திருவிழாவுக்குத் தூக்கிப் போனால் எப்படியிருக்கும், அப்படி. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துப் படுக்க வைத்தேன். பத்து நிமிடத்தில் குறட்டை.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டுக் குரைப்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நின்றுவிடும் என்றார்கள். நிற்பதற்கு முன் ஒரு உச்சத்துக்குப் போகும், அதைத் தாங்கினால்தான் இறங்கும். மூன்றாம் நாள் அந்த உச்சம் வந்தது. நாலாம் நாள் விருந்துக்கு வந்த உறவுக்காரப் பையன் பாவம் பார்த்து ஒரு துண்டு போட்டுவிட்டான். இன்னும் சத்தமாக, இன்னும் நேரம் குரைத்தால் கிடைக்கும் என்பது அன்றைய பாடம். மறுபடி முதலிலிருந்து.

நண்பர் நடுவில் மின்சாரக் கழுத்துப்பட்டை பற்றியும் கேட்டார். பிரிட்டனின் வேல்ஸில் அதை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள், அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்றேன்.

இனி தோண்டுதல். உண்மையில் எனக்கு ஆசையாகச் சொல்ல இருப்பது இதுதான். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் 'டெரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து வேட்டையாடவே வளர்த்தெடுத்த இனத்தின் ரத்தம் உடம்பில் ஓடும்போது, தோண்டாதே என்றால் எங்கே கேட்கும்? நானும் எல்லாரையும் போலக் குழிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய்த் திட்டியிருக்கிறேன். அவன் காதை மடக்கித் தலையைத் தொங்கப்போடுவான். செய்தது புரிந்துவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொள்வேன். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்: அந்தக் குற்றவாளி முகம், தப்புச் செய்ததற்காக வருவதில்லை, நாம் திட்டுவதைப் பார்த்து வருகிறது. தப்பே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான். இது தெரிந்த அன்று மணியிடம் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒரு மாதம் திட்டாமல் குழிகளை மட்டும் பார்த்தேன். நிழலில் இருந்தவை எல்லாம் அவன் வயிற்றளவு அகலம், அதிக ஆழமில்லை. அவை படுக்கை. மேல்மண் சுடும்போது அடிமண் குளிர்ந்திருக்கும். செடி நட்ட இடத்தில் இருந்தவை வேறு ரகம். காலையில் நான் கிளறிய மண்ணை மாலையில் அவன் கிளறுவான். எலும்புத்தூள் உரம் போட்ட பாத்தி என்றால் கேட்கவே வேண்டாம், உள்ளே ஏதோ புதைத்து வைத்திருப்பதாகவே முடிவு செய்துவிடுவான். இந்த இடத்தில் ஒன்று: ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிறவர்கள் நாய் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதில் மிஞ்சியிருக்கும் நஞ்சு நாயின் உயிரையே எடுக்கக்கூடும். குழியில் மிளகாய்த்தூள் தூவச் சொல்பவர்கள் அந்தத் தூளைத் தங்கள் கண்ணில் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நிழலான ஒரு மூலையில் ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், முழங்கால் ஆழத்தில் குழி வெட்டி, மணலும் மண்ணும் பாதிப் பாதி கலந்து நிரப்பினேன். முதல் நாள் அவன் பந்தைப் பாதி தெரியும்படி புதைத்தேன். அடுத்த நாள் மேலாக மூடினேன். வாரக் கடைசியில் ஒரு சாண் ஆழம். வேறெங்காவது தோண்டினால் கத்துவதில்லை, இங்கே கூப்பிட்டு, நானே குந்தி உட்கார்ந்து கையால் தோண்டிக் காட்டினேன். "அவன் உன்னை நல்லாப் பழக்கிட்டான்" என்றார் அம்மா. உச்சி வெயிலில் தண்ணீர் தெளித்துவிட்டால் அதிலேயே படுத்துக்கொள்வான். மூக்கு நுனி முதல் வால் வரை மண்ணோடு, கண்ணை மூடி, அப்படியொரு சுகம். மூன்று வாரத்தில் தோட்டம் எனக்கும் குழி அவனுக்கும் என்று பாகம் பிரிந்துவிட்டது. ஒரு ரோஜாச் செடியை மட்டும் இன்னும் விடவில்லை. அது ஏதோ சொந்தப் பகை.

சரி, பெட்டி? அவனுக்கு 8 மாதம் ஆனபோது இழுப்பறையில் கண்ணில் பட்டது. ஸ்விட்சில் ஒலியை நிறுத்தி விளக்கை மட்டும் எரியவிடும் நிலை ஒன்று உண்டு. சும்மா அதில் வைத்து, சென்சாரை உச்சத்துக்குக் கூட்டி, மறுபடி மாட்டினேன். மணி குரைப்பதற்கு முன்னால் மூக்காலும் கன்னத்தாலும் 'உஃப்' என்று ஒரு ஊதல் ஊதுவான். ஹெட்போன் போட்டு வேலை செய்யும்போது எனக்கு அது கேட்காது. ஆனால் தும்மலுக்கே துள்ளும் அந்தப் பெட்டிக்குக் கேட்டது. பச்சை விளக்கு மினுக்கும், நான் திரும்பி "மணி, இங்க வா" என்பேன், வந்தால் ஒரு துண்டு. குரைப்பு வெளியே வருவதற்குள் விஷயம் முடிந்துவிடும். எந்தக் குறைக்காக அதை நான்கு மாதம் திட்டினேனோ, அந்தக் குறையால்தான் இப்போது அது உதவுகிறது. ஒயர் அறுந்த இரண்டு நாளும் வீட்டில் பழையபடி கச்சேரி. அதனால்தான் பற்றவைக்க ஓடினேன்.

ஆக, நண்பருக்குச் சொன்ன முடிவு: வாங்காதீர்கள். பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். தூங்கும் குட்டியைத் தண்டிக்கும் பொருள் அது.

"அப்போ உங்களோடதக் குடுத்துடுங்க, ஒரு மாசம் பாக்கறேன்" என்றார்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மணல் வேண்டுமானால் இரண்டு மூட்டை மிச்சம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளட்டும்.