ஜிடி86 காரில் நூர்பர்க்ரிங், ஸ்பா: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் அன்றாடம் ஓட்டும் டொயோட்டா ஜிடி86 காரையே, கோடைதோறும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்குக்கும் பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாமுக்கும் ஓட்டிச் சென்று பந்தயத் தடத்தில் இறக்குகிறேன். டிரெய்லர் கிடையாது, உதவி வண்டியும் கிடையாது. லண்டனிலிருந்து சுமார் 600 கி.மீ. நெடுஞ்சாலையில் போய், தடத்தில் ஓட்டி, அதே டயரிலும் அதே பிரேக்கிலும் வீடு திரும்ப வேண்டும். காரில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதையெல்லாம் இந்த ஒரு நிபந்தனைதான் முடிவு செய்கிறது. இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சினின் 200 குதிரைத்திறன் போதாது என்று நண்பர்கள் பலர் சொன்னாலும், ஆற்றலைக் கூட்ட இதுவரை எதுவும் செலவழிக்கவில்லை. செலவழித்தது பெரும்பாலும் வெப்பத்தைச் சமாளிக்கத்தான்.

இரண்டு தடங்களும் காரிடம் கேட்பது வேறு வேறு. 1927-இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் வடதடத்தின் நீளம் 20.8 கி.மீ. ஐஃபெல் மலைக்காட்டுக்குள் கிட்டத்தட்ட 300 மீட்டர் ஏறி இறங்கும் அந்தத் தடத்தில், பொதுமக்கள் கட்டணம் கட்டி ஓட்டும் நேரங்களில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வெளியேறியே மறுபடி நுழைய வேண்டும். சுற்றின் இறுதியில் வரும் டட்டிங்கர் ஹோஹெ என்னும் நீண்ட நேர்பாதையில் வேகத்தைத் தணித்து வந்தால் பிரேக் தானாகவே ஆறிவிடுகிறது. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் போல ஆகிறது. (நேரம் குறிப்பதை அங்கே தடை செய்திருப்பதால் இதற்கு மேல் துல்லியமாகச் சொல்லக் கூடாது.) ஸ்பாவின் நீளம் 7 கி.மீ. மட்டுமே, ஆனால் அங்கே சுற்றுக்குப் பின் சுற்றாக இடைவிடாமல் ஓட்டலாம். ரைடியோன் ஏற்றத்தைக் கடந்து கெம்மல் நேர்பாதையின் முடிவை எட்டும்போது, என் காரைப் போன்ற சாதாரண ஸ்போர்ட்ஸ் காரே 200 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது. ஓட்டுநரோடு சேர்த்து 1,350 கிலோ எடையுள்ள காரை அந்த வேகத்திலிருந்து 100 கி.மீ.க்குக் குறைத்தால் சுமார் 15 லட்சம் ஜூல் ஆற்றல் சில நொடிகளில் வெப்பமாக மாறுகிறது. அதே சுற்றில் பஸ் ஸ்டாப் என்று பெயருள்ள வளைவுக்கு முன்னும் இன்னொரு முறை பலமாகப் பிரேக் பிடித்தாக வேண்டும். ஆகவே பெயரைக் கேட்டாலே அச்சமூட்டுவது வடதடம் என்றாலும், பிரேக்கைத் தேய்ப்பது ஸ்பாதான்.

எனவே முதல் செலவு பிரேக் ஆயிலுக்கு. இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் உண்டாகும் ஆவிக்குமிழ் அழுத்தத்தை விழுங்கிவிடுவதால், பெடல் தரையைத் தொட்டாலும் கார் நிற்காது. 300 டிகிரிக்கு மேல் கொதிநிலையுள்ள பந்தய வகை ஆயில் ஒரு டப்பா வாங்கி, பயணத்துக்குச் சில நாட்கள் முன் நான்கு சக்கரங்களிலும் பழையதை முழுவதுமாக வெளியேற்றி நிரப்பிவிடுகிறேன். மொத்தத் தயாரிப்பிலும் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இதுதான். காசு இதற்கு மட்டுமே இருக்கிறது என்றால், மற்ற எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்துகொண்டு போகலாம். சுற்றுகளைக் குறைத்துக்கொண்டால் போதும்.

டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேட் விஷயத்தில் சமரசம் தேவைப்படுகிறது. முழுப் பந்தயப் பேட்கள் சூடேறினால்தான் பிடிக்கும். விடியற்காலை மழையில் பெல்ஜிய நெடுஞ்சாலையில் முன்னால் செல்லும் லாரி திடீரென மெதுவானால் அவற்றை நம்புவதற்கில்லை. சாலையிலும் தடத்திலும் இடைநிலையில் வேலை செய்யும் ஃபெரோடோ டிஎஸ்2500 பேட்களை முன்சக்கரங்களில் பயன்படுத்துகிறேன். குளிரிலும் போதிய பிடிப்பு உண்டு. குறைந்த வேகத்தில் கிறீச்சிடும், சக்கரங்களில் கறுப்புத் தூசு படியும் என்பவை குறைகள். புதிய பேட்களை டிஸ்க்கோடு பழக்காமல் நேரே தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆளில்லாச் சாலையில், முழுவதும் நிற்காமல், வேகத்தைப் பலமுறை குறைத்து ஏற்றி, பின்னர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். தடத்திலிருந்து வெளியே வந்தவுடன் கைப்பிரேக்கை இழுக்காமல் காரை கியரில் நிறுத்துவதும் பேட், டிஸ்க் இரண்டுக்கும் நல்லது.

டயரைப் பற்றி நிறைய விவாதம் கேட்டிருக்கிறேன். அரைப்பந்தய டயர்களான மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்றவை உலர்ந்த தடத்தில் அபாரமானவை. ஆனால் ஐஃபெலில் தடத்தின் ஒரு கோடியில் வெயிலும் மறுகோடியில் மழையும் இருப்பது சாதாரணம். தேங்கிய நீரில் அந்த டயர்கள் மிதக்கத் தொடங்கிவிடும். ஜிடி86-இன் தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாடா, பின்னிருக்கையை மடித்தால் நான்கு சக்கரங்களை உள்ளே ஏற்றிச் செல்லலாம் என்ற எண்ணத்தோடேயே இந்தக் காரை வடிவமைத்தார். அதன்படி இரண்டாவது சக்கரத் தொகுதியோடு போயும் பார்த்தாயிற்று. பெட்டிக்கும் கருவிகளுக்கும் இடமில்லை, கண்ணாடியில் பின்னால் வருவது தெரிவதில்லை, விடுதி வாசலில் சக்கரம் மாற்றுவதிலேயே ஒரு மாலை போய்விடுகிறது. அதன் பிறகு, மழைக்கும் வெயிலுக்கும் ஒத்துவரும் பைலட் ஸ்போர்ட் 4 ஒரே தொகுதியோடு நிறைவாக இருக்கிறேன்.

டயர் வகையைவிடக் காற்றழுத்தமே ஓட்டத்தை அதிகம் மாற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் ஏறும். முதல் சுற்று முடிந்ததும் சூடான டயரில் அளந்து, தேவையான அளவுக்குக் காற்றை இறக்கிவிட்டால் முன்சக்கரங்களின் வழுக்கல் தெளிவாகக் குறைகிறது. அப்படி இறக்கிய டயர் மறுநாள் காலைக் குளிரில் மிகவும் தளர்ந்திருக்கும் என்பதால், பெட்டிகளை ஏற்றி நெடுஞ்சாலையில் கிளம்பும் முன் கையேட்டிலுள்ள அளவுக்கு மீண்டும் காற்றடிக்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய பம்பும் நல்ல மானியும் இருந்தால் போதும்.

ஆலையிலிருந்து வரும் நிலையில் இந்தக் காரின் முன்சக்கரங்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். தடத்தில் அது டயரின் வெளிவிளிம்பைத் தின்றுவிடுகிறது. சக்கரச் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் பொருத்தி உட்பக்கமாக ஒன்றரை டிகிரி சாய்த்து, அலைன்மென்ட்டைச் சரி செய்தபின் தேய்மானம் சீரானது. நெடுஞ்சாலையில் நேராக ஓடும் நிதானமும் கெடவில்லை. எஞ்சின் ஆயிலை அளவுகோலின் மேல் கோடு வரை நிரப்பி, வெப்பம் காட்ட ஒரு தனி மானியும் பொருத்தியிருக்கிறேன். வெயில் நாட்களில் 120 டிகிரியைத் தாண்டியதும் கியரை ஏற்றிச் சுழற்சியைக் குறைத்துவிடுவது வழக்கம். சக்கர நட்டுகளை ஒவ்வொரு நாளும், ஆறியபின், 120 நியூட்டன் மீட்டர் இறுக்கத்துக்குச் சரிபார்க்கிறேன்.

சத்தமெழுப்பும் சைலன்சர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. நூர்பர்க்ரிங்கில் பொதுமக்கள் ஓட்டத்துக்கு 95 டெசிபல் வரம்பு. ஸ்பாவில் வரம்பு நாளுக்கு நாள் மாறும், வழியோரக் கருவிகள் அளந்துகொண்டே இருக்கும். இவ்வளவு தூரம் போய், சத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுவதைப் போன்ற வீண் செலவு வேறில்லை.

காப்பீட்டைப் பற்றிப் பலர் தவறாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பொதுமக்கள் ஓட்டத்தின்போது வடதடத்தில் ஜெர்மன் சாலை விதிகள் பொருந்தும், வலப்புறமாக முந்தக் கூடாது. அதனாலேயே வழக்கமான காப்பீடு செல்லும் என்று முடிவு கட்டிவிட முடியாது. பிரிட்டிஷ் பாலிசிகள் பலவற்றில் நூர்பர்க்ரிங் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கிறது. இரும்புத் தடுப்பில் மோதினால் அதைச் சரிசெய்யும் செலவும், காரை அகற்றும் செலவும் ஓட்டியவரிடமிருந்தே வசூலிக்கப்படும். சாலையுதவித் திட்டங்களும் தடத்தில் நேரும் பழுதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நாள்கணக்கில் கிடைக்கும் தனித் தடக் காப்பீடு ஸ்பாவுக்கு எளிதாகக் கிடைக்கிறது, வடதடப் பொது ஓட்டத்துக்குக் கிடைப்பது அரிது. தன் காரை இழக்கத் துணியாதவர், நூர்பர்க் கிராமத்தைச் சுற்றியுள்ள நிறுவனங்களில் தடத்துக்கென்றே தயாரித்த காரை வாடகைக்கு எடுப்பது மேல். அதற்கும் தற்பொறுப்புத் தொகை (சேதமானால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு என்று படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

சாலைப் பயணத்துக்கானவை சில்லறை விஷயங்கள்: எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலங்கிகள், வலப்பக்கப் போக்குவரத்துக்காக முகப்பு விளக்கில் ஒட்டும் பட்டை, 2021 செப்டம்பர் முதல் ஜிபிக்குப் பதிலாக வந்த யூகே என்னும் நாட்டுக் குறியீட்டு ஒட்டி. நகரங்களுக்குள் நுழைவதாக இருந்தால் அந்தந்த நாட்டின் மாசுக் கட்டுப்பாட்டு அனுமதியும் தேவை. காரின் கருவிப் பையிலுள்ள இழுவைக் கொக்கியை வீட்டிலேயே ஒருமுறை திருகிப் பார்த்துவிடுவது நல்லது.

இத்தனை கோடைகளுக்குப் பின் எஞ்சினும் கியர்பெட்டியும் கேட்டது அடிக்கடி ஆயில் மாற்றம் ஒன்றைத்தான். முன் டிஸ்க்குகளையும் பேட்களையும் பலமுறை மாற்றியாயிற்று. சக்கர பேரிங் ஒன்று இரையத் தொடங்கியதால் சென்ற குளிர்காலத்தில் அதுவும் மாறியது. அடுத்ததாக ஆயில் கூலர் பொருத்துவதாக இருக்கிறேன். குளிர்காலத்தில் எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடாதபடி, தெர்மோஸ்டாட் உள்ள வகையாகவே தேடிக்கொண்டிருக்கிறேன்.